குழல் ஏறும் இடம்

மேஸ்திரியின் காதுக்கு ஈடாக இன்னொரு காது கிடையாது என்று ஆம்ப்ளிஃபையர் விற்கிற கடைக்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். அவருடைய மனைவியைக் கேட்டால் ஒன்றும் சொல்லமாட்டாள். வாயைத் திறந்தால் எங்கே அழுதுவிடுவோமோ என்று பயம் அவளுக்கு.

மேஸ்திரி துணி மில்லில், தறி ஷெட்டில் காலம் தள்ளியவர். தறிகள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. வெறுமனே வாயசைப்பார்கள், எதிரில் இருப்பவன் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான். அந்தக் கோடியில் மேனேஜர் வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டால் இந்தக் கோடியில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். பாவம், அந்த மனிதருக்குக் கடைசிவரை ஏன் என்று தெரியாது. மேஸ்திரி இந்த வித்தையில் கெட்டிக்காரர். கெட்டிக்காரத்தனமே அவருக்கு வினையாகிப் போனது. பஞ்சுத் தூசி நெஞ்சுக்குள் போனபோது இருமினார், தெரிந்தது. காது கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போனது தெரியவே இல்லை. கண்தான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்ததே!

வீட்டில் முகம் பார்த்துப் பேசினால் ஒரு குறையும் இல்லை. அவள் திரும்பி நின்று பேசிவிட்டால் மட்டும், "என்ன முணுமுணுப்பு? வாயில கொழுக்கட்டையா?" என்று எரிந்து விழுவார். உலகமே முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டது என்பது அவருடைய கட்சி. அவளும் சொல்லிப் பார்த்தாள், டாக்டரிடம் போவோம், காதில் வைக்க மிஷின் வந்திருக்கிறதாம் என்று. "எனக்கு பாம்புக் காதுடி! செவிடன்னு பட்டம் கட்டப் பாக்கறியா?" என்று சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. செவிடன் காதில் சங்கு ஊதின மாதிரி என்று ஊரெல்லாம் சொல்லும். அந்த ஒரு பழமொழி மட்டும் அவள் வாயில் வராது.

சரி, காது போனவருக்கு ஆம்ப்ளிஃபையர் எதற்கு?

கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் ஒரு மாடிப்படிக்குக் கீழே குடியிருந்தார்கள். மேலே ஒரு பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் ஸ்டீரியோவில் புல்லாங்குழல் போடுவார். இவர்கள் படியில் உட்கார்ந்து கேட்பார்கள். குழல் கீழேயே சுற்றிச் சுற்றி வந்து, ஒரு இடத்தில் சட்டென்று மேலே ஏறும். ஏறி அங்கேயே நிற்கும். அப்போது இரண்டு பேருமே மூச்சு விடமாட்டார்கள். "ஒரு நாள் நம்ம வீட்லயும் இப்படி ஒண்ணு வாங்கிடறேன் பாரு" என்பார். பிள்ளை பிறந்தது, கூரை ஒழுகியது, மகள் கல்யாணம் வந்தது. ஒரு நாள், ஒரு நாள் என்றே ஆயுள் ஓடிவிட்டது. ஷெட்டுக்குக் கிளம்பச் சலிப்பாக இருக்கும் காலைகளில் கூட, "ரிட்டயர் ஆனதும் காலை நீட்டிக்கிட்டு குழல் கேக்கணும்" என்று சொல்லிக்கொண்டுதான் செருப்பை மாட்டுவார்.

ரிட்டயரும் ஆனார். மருமகன் வீடு மாற்றும்போது மரப்பெட்டி ஸ்பீக்கர் இரண்டையும் ஒரு சி.டி. பிளேயரையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மகள் எங்கேயோ தேடி அதே குழல் சி.டி.யைப் பிடித்துக் கொடுத்தாள். ஆம்ப்ளிஃபையர் ஒன்றுதான் பாக்கி. கைக்கு அடக்கமான விலையில் நல்லதாக ஒன்று பார்த்தால் போதும். மேஸ்திரி சி.டி.யைப் பையில் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி புறப்பட்டார். "நீயும் வா. நாம ரெண்டு பேரும் சேர்ந்து கேட்டதாச்சே" என்றார். அவளும் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

முதல் கடையில் கண்ணாடிக் கதவு, குளிர்ச்சி, டை கட்டிய பையன். ரிசீவர் என்றால் ரேடியோவும் சேர்ந்து வரும், வெறும் ஆம்ப்ளிஃபையர் என்றால் வராது, உங்கள் அறைக்கு முப்பது வாட்ஸ் தாராளம் என்று ஒப்பித்தான். பாட்டைப் போட்டான். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் அந்தக் குழலைக் கேட்டாள். தெளிவாக, பக்கத்தில் உட்கார்ந்து ஊதுவது போல. ஏறும் இடம் வந்தபோது அவளுக்கு மேல் சிலிர்த்தது.

மேஸ்திரி உதட்டைப் பிதுக்கினார். "தாளம் இருக்கு. கீழ்க்குழலும் இருக்கு. மேல ஏறும்போது ஆளையே காணோமே தம்பி! இது என்ன மிஷினு?"

பையன் விழித்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டாள்.

இரண்டாவது கடையிலும் இதே கதை. அங்கே மூன்று பெட்டிகளை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்கள். மூன்றிலும் குழல் ஏறியது. மூன்றுக்கும் மேஸ்திரி இல்லையென்று தலையாட்டினார். "என்னென்னமோ வித்தை காட்டறானுங்க. அந்தக் காலத்துப் பெட்டி மாதிரி வருமா?" என்று படியிறங்கினார்.

அப்படித்தான் பழைய பெட்டிகளைப் பழுது பார்த்து விற்கும் கடைக்கு வந்தார்கள். கடைக்காரர் வழுக்கைத் தலையும் முழங்கை வரை தூசியுமாக இருந்தார். மேஸ்திரி தன் குறையைச் சொன்னதும் அந்த மனிதருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அப்படிச் சொல்லுங்க சார்! இப்ப வர்ற பெட்டியில மேல் சுருதி அடிபட்டுத்தான் போகுது. அதைக் கண்டுபிடிக்க ஒரு காது வேணுமே! உக்காருங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். மேஸ்திரி மனைவியைப் பார்த்து, கேட்டுக்கோ என்பது போல ஒரு பார்வை பார்த்தார். அவளும் சிரித்து வைத்தாள். வேறென்ன செய்வாள்?

அன்று மத்தியானம் முழுக்க அந்தக் கடையே அமளிதுமளிப்பட்டது. கடைக்காரர் பரணிலிருந்து பெட்டி பெட்டியாக இறக்கினார், தூசி தட்டினார், குமிழ்களுக்குத் துரு போக மருந்து அடித்தார், வயரை மாற்றிக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் அவள் அந்தக் குழலைக் கேட்டாள். ஒன்றில் இனிமையாக, ஒன்றில் கொஞ்சம் கரகரப்பாக. ஒவ்வொரு முறையும் அவள் உடம்பு சிலிர்த்தது, ஒவ்வொரு முறையும் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆசைப்பட்ட மனுஷனுக்கு ஒரு பருக்கை இல்லை, தனக்கு மட்டும் பந்தியா?

"அம்மாவுக்கும் கேக்கலையா?" என்று கடைக்காரர் ஒரு தரம் கேட்டார்.

"எனக்கு இதெல்லாம் எங்க தெரியுது" என்றாள்.

கடைசியில் மேஸ்திரியே எழுந்து போனார். ஒரு பழைய ரிசீவரில் மேல் சுருதியைத் தூக்குகிற ட்ரெபிள் குமிழைக் கோடி வரை திருகினார். சத்தத்தையும் ஏற்றினார். குழல் ஏறும் இடத்தில் கடைக்குள் ஊசி மழை பெய்தது. தெருவில் போனவன் காதைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தான். மேஸ்திரி துள்ளினார்.

"வந்துடுச்சு! ஏய், வந்துடுச்சு பாரு! இதோ, இதோ ஏறுது!"

அவர் கண்ணில் தண்ணீர். கடைக்காரர் அவரையே பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அந்த மனிதர் முகத்திலிருந்த வெளிச்சம் மெல்ல இறங்கியது. மேஸ்திரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பெட்டியைக் கட்டும் சாக்கில் குனிந்து, சாதாரணக் குரலில் கேட்டார்.

"எத்தனை வருஷமாம்மா இப்படி?"

"ரொம்ப வருஷமா. மில்லுல வேலை." அவளும் உதடு தெரியாமல் குனிந்துகொண்டாள்.

"அவருக்குத் தெரியாதா?"

"தெரியாது. நீங்களும் சொல்லிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மேஸ்திரி ஓரடி தள்ளி நின்று, எந்த அலமாரியில் வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் பெட்டியை வைத்து, வயரை முறுக்கிச் சொருகி, ஸ்பீக்கர்களை அங்கும் இங்கும் நகர்த்தி ஆயிற்று. இரண்டு நாற்காலி போட்டார். பாட்டு ஆரம்பித்தது. ட்ரெபிள் கோடியில் நிற்க, குழல் ஏறியதும் பக்கத்து வீட்டுக்காரி ஈரக்கையோடு ஓடி வந்தாள்.

"அண்ணே, என்ன இது, விசில் ஊதற மாதிரி? பிள்ளை தூக்கிப் போட்டு முழிச்சுக்கிச்சு!"

மேஸ்திரிக்கு வெட்கமாகிவிட்டது. சத்தத்தைக் குறைத்தார். குழல் போய்விட்டது. கொஞ்சம் ஏற்றினார். இல்லை. ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்தார். வயரைப் பிடுங்கி மறுபடி சொருகினார். எழுந்தபோது முகம் கறுத்திருந்தது.

"ஏமாத்திட்டான். கடையில வந்துச்சே! நான் அந்தப் பக்கம் திரும்பின நேரத்துல வேற பெட்டியை வச்சுக் கட்டிட்டான். வெள்ளை மனசுன்னு நம்பினேன் பாரு. இப்பவே போய் அவன் சட்டையைப் பிடிக்கறேன்."

"வேண்டாங்க."

"ஏன் வேண்டாம்? நாலு பேர் முன்னாடி நாறடிக்கறேன் அவனை!" சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அவளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மத்தியானம் முழுக்கப் பரண் ஏறி இறங்கிய அந்த மனிதரைத் திருடன் என்று சொல்ல விடுவதா? ஓடிப்போய் வாசலை மறித்து நின்றாள். அவருடைய கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டாள். குரலே எழுப்பாமல் வாயை மட்டும் அசைத்தாள்.

"அவர் நல்லவர். பெட்டி நல்ல பெட்டி."

"அப்புறம் ஏன் குழல் வரலை?" என்றார்.

"நான் இப்ப பேசலைங்க. தொட்டுப் பாருங்க. சத்தமே போடலை."

"சத்தம் போடலைன்னா நான் எப்படிப் பதில்..." என்று ஆரம்பித்தவர் நின்றார். விரல்கள் அவள் தொண்டையில் இருந்தன. அவள் இன்னொரு தரம் வாயசைத்தாள். தொண்டை அதிராமல் கிடந்தது.

அவர் கையை எடுத்துத் தன் காதைத் தொட்டுப் பார்த்தார்.

"எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"ரொம்ப நாளா."

"தெரிஞ்சுமா என்னைக் கடை கடையா ஏற விட்ட?"

"அந்த ஒண்ணைச் சொல்லிக்கிட்டுத்தானே தினம் எழுந்து போனீங்க." இப்போது குரலோடுதான் சொன்னாள். "அதை நான் எப்படிங்க பிடுங்குவேன்?"

திட்டுவார் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் தேவலை. மேஸ்திரி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். திரும்பி வந்து பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தார். எல்லோரும் முணுமுணுக்கிறார்கள் என்று இத்தனை வருஷம் கோபித்துக்கொண்ட மனிதர், எத்தனை பேரிடம் கோபித்துக்கொண்டோம் என்று எண்ணுவது போல ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஷின் வச்சா?" என்றார் பிறகு.

"பேச்சு நல்லாக் கேக்குமாம். டாக்டரைக் கேக்கலாம்."

"நான் பேச்சைப் பத்திக் கேக்கலை."

மேஸ்திரி பெட்டியின் பக்கம் கையைக் காட்டினார்.

"அந்த மேல் குமிழைச் சரியா வை. ஊருக்குக் கேக்கற மாதிரி வை. முதல்லேர்ந்து போடு. நீ கேளு."

"உங்களுக்கு இல்லாததை நான் எப்படிங்க..."

"போடுன்னா போடு. ரெண்டு பேருக்குத்தானே வாங்கினது? ஒருத்தராவது கேக்கணும். முடிஞ்சதும் தோளைத் தொட்டுச் சொல்லு."

போட்டாள். அவருக்குப் பின்னாலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். குழல் கீழே சுற்றியது, ஏறியது, அங்கேயே நின்றது. பல் டாக்டர் வீட்டு ஸ்டீரியோவில் கூட இவ்வளவு நன்றாக வந்ததில்லை. அவள் அழ ஆரம்பித்தாள். முந்தானையால் வாயைப் பொத்தப் போனவள், எதற்கு என்று கையை இறக்கிக்கொண்டாள். அந்தக் குழலைப் போலவே மேலே ஏறிய குரலில், வாய்விட்டு அழுதாள்.

பக்கத்து வீட்டுக்காரி பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அலறியடித்து வந்து வாசலில் நின்றாள். "ஐயோ அக்கா, என்ன ஆச்சு? யாருக்கு என்ன?"

பாட்டு முடிந்துவிட்டிருந்தது. மேஸ்திரி இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, ஸ்பீக்கரைப் பார்த்தபடி, தோளில் கை விழக் காத்துக்கொண்டிருந்தார்.