விரல் நுனி அளவு

டியூபின் வாலைச் சுருட்டிச் சுருட்டிக் கழுத்துவரை கொண்டுவந்த பிறகுதான் எங்கள் வீட்டில் கிரீம் தீர்ந்ததாக ஒப்புக்கொள்வோம். அப்படிச் சுருட்டிய ஒன்று இன்றும் என் தையல் பெட்டியில் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், எங்கள் சுகாதார நிலையத்தில் முன்பு இருந்த டாக்டரம்மாவை நினைத்துக்கொள்வேன்.

என் மகள் அப்போது சிறு குழந்தை. முழங்கை மடிப்பில் கரப்பான் படை சிவந்து, சொறிந்து சொறிந்து தூங்கவே மாட்டாள். டாக்டரம்மா தந்த வீரியம் குறைந்த ஸ்டீராய்டு கிரீமில் அது அடங்கியது. தீர்ந்ததும், மலைமேல் எங்கள் ஆலத்தூர் நாட்டு ஊர்களில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். காலி டியூபை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன். மாத்திரை அட்டையோ மிக்ஸி வாஷரோ, மாதிரியைக் கொடுத்தால் கீழே டவுனில் வாங்கிவந்துவிடுவார்; அத்தனை வளைவுகளில் யார் இறங்கி ஏறுவது? வந்தது அதே நிறத்தில் வேறொரு டியூப். எனக்குத் தெரியவில்லை. மகள் கன்னத்திலிருந்த திட்டுக்கும் அதையே தடவ, சீக்கிரமே பளிச்சென்று ஆகிவிட்டது. சந்தோஷத்தில் கண்டக்டருக்கு ஒரு சீப்பு மலைவாழைப்பழம் கொடுத்தேன் என்றால் பாருங்களேன். வாரக்கணக்கில் தடவியபின், கன்னத்தோல் மெலிந்து நரம்பு நரம்பாகச் சிவப்பு தெரிந்தது.

டாக்டரம்மா டியூபைத் திருப்பிப் படித்தார். திட்டவில்லை. இது மிகவும் வீரியமானது, குழந்தை முகத்துக்கு ஆகாது என்று நிதானமாகச் சொல்லி, அடிக்கடி வரச்சொல்லிக் கன்னத்தை ஆற்றிக்கொடுத்தார். இனி காலி டியூபோடு மருந்துச்சீட்டும் போகவேண்டும் என்றார். எனக்கோ பயம் பிடித்துக்கொண்டது. ஸ்டீராய்டே வேண்டாமென்று, அவர் மறுபடி தந்த பழைய கிரீமையும் ஒதுக்கிவிட்டேன். அந்தப் பனிக்காலத்தில் முழங்கையில் ரத்தம் கசிய மகள் சொறிந்தாள். மறுபடி தூக்கிக்கொண்டு ஓடினேன். சீழ் வைத்திருக்கிறதா என்று முதலில் பார்த்தார். இல்லையென்றதும் என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, அதைக் கண்டபடி போட்டதும் தப்பு, பயந்துட்டு இதைப் போடாம உட்டதும் தப்புங்க. அரிப்புல அழுகறது பாப்பாதானுங்களே?"

என் ஆள்காட்டி விரலைப் பிடித்து, நுனியிலிருந்து முதல் ரேகைவரை கிரீமை ஒரு கோடாகப் பிதுக்கினார். விரல்களோடு சேர்த்துப் பெரியவர்களின் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு இவ்வளவு போதும். சிவந்த இடத்தில் மட்டும், மெல்லிசாக. அடங்கியதும் நிறுத்திவிட வேண்டும், ஒரு வாரத்தில் அடங்காவிட்டால் வரவேண்டும். ஈரப்பசைக் களிம்பைத்தான் தினமும் விடக்கூடாது என்றார். "அளவு உங்க விரல்லதானுங்க, பாப்பா விரல்ல இல்லை."

அந்த வாரமே மகள் விடியும்வரை தூங்கினாள். நானும் தூங்கினேன். அந்தத் தூக்கத்துக்கு ஈடாக நான் அவருக்கு எதைக் கொடுக்க முடியும்? மாற்றலாகிப் போனபோது ஒரு சீப்பு பழம்கூடக் கொடுக்கவில்லை. கண்டக்டர் கொடுத்துவைத்தவர்.

மகள் இப்போது நாமக்கல்லில் கல்லூரியில் படிக்கிறாள். பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது முழங்கை லேசாகச் சிவந்திருந்தது. அவள் டியூபைத் திறந்ததும், பழக்கதோஷத்தில் என் விரலை நீட்டினேன்.

"என் விரலே போதும்மா. நானும் வளந்துட்டேன்ல?"

தன் விரலிலேயே கோடு போட்டாள். அது ரேகையில் சரியாக வந்து நின்றது. பிறகு டியூபின் வாலைச் சுருட்ட ஆரம்பித்தாள். நீட்டிய விரலை மடக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது.