மெதுவாக ஓட்டச் சொன்ன வண்டி

என் அக்காவின் கணவர் இறந்த ஐம்பத்து மூன்றாம் நாள், அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் மதுரையைச் சுற்றிக் காட்டுவதென்று திட்டம் போட்டேன். வாய்த்திட்டம் இல்லை. காலேஜ் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, நடுவில் கோடு இழுத்து, ஒரு பக்கம் மணியும் மறுபக்கம் இடமுமாக எழுதினேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. எழுதிவிட்டால் பாதி நடந்த மாதிரி என்று நம்பியிருந்தேன்.

பிள்ளைகளுக்கு அவர் இறந்தது தெரியாது. எங்கள் தெற்குவாசல் பக்கம் வாந்திபேதி பரவிய வாரத்தில் அவர்களைத் திருமங்கலத்துக்கு, பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தோம். அனுப்பிய மூன்றாம் நாள் மச்சானும் அதில் படுத்தார். ஒரு பகல், ஓர் இரவு. மறுநாள் அஸர் தொழுகைக்குள் அடக்கம் முடிந்துவிட்டது. மச்சானுக்குத் தகரப்பெட்டிக் கடை. அதனால், ‘அத்தா தகரம் எடுக்க ரங்கூன் போயிருக்காங்க’ என்று பிள்ளைகளிடம் சொல்லச் சொல்லி பெரியம்மாவுக்குக் கடிதம் போட்டேன். அந்தப் பொய்யும் என் யோசனைதான். ஐம்பது நாள் அங்கேயே வைத்திருந்தார்கள். அதற்கு மேல் முடியவில்லை. பிள்ளைகள் அம்மாவைக் கேட்டு அழுதார்கள். கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள்.

அக்கா இத்தாவில் இருந்தாள். புருஷன் போனபின் நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல், வெளி ஆண்களின் கண்ணில் படாமல் இருக்கிற காலம். உள்ளறை வாசலில் ஒரு போர்வையைத் திரையாகத் தொங்கவிட்டு, வெள்ளைச் சேலையோடு அதற்குப் பின்னால் இருந்தாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பள்ளிவாசல் லெப்பை ஓதிப் பார்த்து உள்ளேயே இருக்கச் சொல்லியிருக்கிறார் என்று அதற்கும் ஒரு காரணம் சொல்லிவைத்தோம். பெண்ணுக்கு ஏழு வயது, பையனுக்கு நாலு. வந்த அன்றிலிருந்து இருவரையும் தெருவில் விடவில்லை, குர்ஆன் ஓதவும் அனுப்பவில்லை. தெரு முழுக்கத் தெரிந்த சேதி அது. எந்தப் பிள்ளையாவது சொல்லிவிடும்.

மூன்றாம் நாள் அக்கா என்னைத் திரைக்குப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

“தம்பி, எத்தன நாளைக்கு இதுகள அடச்சு வைக்க? ஞாயித்துக்கிழமை ஊரச் சுத்திக் காட்டிக் கூட்டிட்டு வா. நல்லா சாப்புடட்டும். சிரிச்சுக்கிட்டு வரட்டும். அன்னைக்கு மக்ரிப் தொழுதுட்டு நானே மடியில வச்சுச் சொல்லிப்புடுறேன்.”

“சரிக்கா.”

“வேற எவ வாயிலருந்தும் எம்புள்ளைக கேட்டுரக் கூடாது. நான்தான் சொல்லணும். புரியுதா?”

“எங்கிட்ட விடுக்கா” என்றேன்.

அன்றே உட்கார்ந்து எழுதினேன். சின்னப் பிள்ளைகளோடு போகிறபோது ஊரையே காட்டிவிட நினைக்கக் கூடாது. மூன்று இடம் போதும் என்பது என் கணக்கு. வெயில் ஏறுமுன் மஹால். ஞாயிறன்று அங்கே கோர்ட்டு நடக்காது, தூண்களுக்கு நடுவே ஓடலாம். பிறகு தெப்பக்குளம். அங்கே படியில் நிழல் பார்த்துச் சாப்பாடு, பையனுக்கு ஒரு குட்டித் தூக்கம். சாயங்காலம் சித்திரை வீதியில் கோயில் யானை. பருத்திப்பால். மக்ரிபுக்கு முன் வீடு. இடையிடையே ‘சும்மா இருத்தல்’ என்றும் எழுதியிருந்தேன்.

தாளின் பின்பக்கத்தில் போகக்கூடாத இடங்கள். அந்தப் பட்டியல்தான் நீளம். மச்சானின் கடைத்தெரு. எங்கள் பள்ளிவாசல். ரயில்வே ஸ்டேஷன், ஏனென்றால் ரங்கூன் போனவர் அங்கேதான் வந்து இறங்க வேண்டும். அவர் டீ குடிக்கிற கடை. கீழமாசி வீதியில் அவரிடம் பெட்டி வாங்குகிற ஜவுளிக்காரர்கள். இத்தனையையும் தவிர்த்துவிட்டுப் பார்த்தால், எங்கள் வீட்டிலிருந்து மஹாலுக்குப் போக ஒரே ஒரு சந்துதான் மிச்சம் இருந்தது. அதையும் கண்டுபிடித்து எழுதினேன்.

வண்டிக்காரரும் எங்கள் பக்கத்து ஆளாக இருக்கக் கூடாது. சனிக்கிழமை சாயங்காலம் சிம்மக்கல் வரை நடந்துபோய் ஜட்கா வண்டிகளைப் பார்த்தேன். ஒரு பாய் சிக்கினார். தாடி நரைத்த ஆள். வீடு தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில், ஊரின் கிழக்குக் கோடியில். எங்களைத் தெரிய வாய்ப்பே இல்லை. நாள் முழுவதும் வேண்டும், மெதுவாக ஓட்ட வேண்டும், குதிரையைச் சவுக்கால் அடிக்கக் கூடாது, சின்னவன் பயப்படுவான் என்றெல்லாம் அடுக்கினேன்.

அவர் சிரித்தார். “என்ன தம்பி, மாப்ள ஊர்வலமா இம்புட்டு மெதுவா போக? நடந்தே போயிறலாமே. குதிரையும் கூட நடந்து வரும்.”

பக்கத்து வண்டிக்காரர்களும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. எதற்காக இவ்வளவு கேட்கிறேன் என்று தெரிந்தால் ஒழுங்காக ஓட்டுவார் என்று தோன்றியது. அவரைத் தனியே இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னேன்: “எத்தீம் புள்ளைக, பாய். அத்தா மௌத்தாகி ரெண்டு மாசம்கூட ஆகல. அதுகளுக்கே இன்னும் தெரியாது. நீங்க பாத்து நடந்துக்கிறணும்.”

எத்தீம் என்றால் தகப்பன் இல்லாத பிள்ளை. சிரித்துக்கொண்டிருந்த முகம் அப்படியே மாறிவிட்டது. தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

“அல்லா மேல ஆணை, வாயத் தொறக்க மாட்டேன் தம்பி.”

திரும்பி வரும்போது என் முன்யோசனையை நானே மெச்சிக்கொண்டு நடந்தேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குச் சந்து முனையில் வண்டி நின்றது. பாய் இறங்கி வந்து முதலில் பெண்ணைத் தூக்கி வைத்தார். பிறகு பையனை. வைத்துவிட்டு, பையனின் தொப்பியைக் கழற்றி, நெற்றியிலிருந்து பிடரி வரை மெல்லத் தடவினார். பிறகு பெண்ணின் முக்காட்டை ஒதுக்கி அதே போலத் தடவினார். உதடு ஏதோ ஓதியது.

எத்தீம் பிள்ளையின் தலையைத் தடவினால், கைபட்ட ஒவ்வொரு முடிக்கும் ஒரு நன்மை எழுதப்படும் என்பது எங்களில் எல்லோருக்கும் தெரிந்தது. சொல்லிக்கொடுத்தே வளர்க்கிறார்கள். அது எனக்கு நினைவு வராமல் போய்விட்டது. வாய்க்குத்தான் ஆணை வாங்கியிருந்தேன். கைக்கு வாங்கவில்லை.

பையனுக்கு அது பிடித்திருந்தது. “இன்னொருக்கா தடவுங்க” என்றான். அவர் தடவினார்.

மஹால் நான் எழுதிவைத்தபடியே நடந்தது. தூணைக் கட்டிப்பிடிக்கச் சொன்னேன். மூன்று பேரும் கை கோத்தும் பாதிகூட வளையவில்லை. பையன் கூவினான், மேலேயிருந்து எதிரொலித்ததும் புறாக்கள் எழுந்தன. “உள்ள யாரு மாமா கத்துறது?” என்றான். “நீதான்டா லூசு” என்றாள் அவனுடைய அக்காக்காரி. நன்றாகச் சிரித்தாள். அரை மணி நேரம் நானும் எல்லாவற்றையும் மறந்திருந்தேன்.

வெளியே வந்தால், வாசலில் சர்பத்துக்காரர் ஒருவரோடு பாய் பேசிக்கொண்டிருந்தார். சர்பத்துக்காரர் எங்களைப் பார்த்ததும் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். நன்னாரி சர்பத்து ஆளுக்கொரு கிளாஸ் தந்தார். பிறகு குனிந்து, பெண்ணின் தலையை, பையனின் தலையை. காசு நீட்டினேன். “போங்க தம்பி” என்று என் கையைத் தள்ளிவிட்டார். பெண் கிளாஸை வாயில் வைத்தபடியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாயை ஓரமாகக் கூப்பிட்டேன். “ஏன் பாய், சொல்ல மாட்டேன்னீங்களே?”

“புள்ளைககிட்ட எங்க தம்பி சொன்னேன்? அவரும் ஒரு நன்மை தேடிக்கிறட்டுமேன்னு…”

அவர் முகத்தில் கள்ளமே இல்லை. ‘இனி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னேன். தலையாட்டினார்.

தெப்பக்குளம் போகிற வழியில் குதிரைக்குத் தண்ணீர் காட்ட வேண்டுமென்று ஒரு வீட்டின் முன் நிறுத்தினார். அவர் வீடு. வண்டிச் சத்தம் கேட்டு அவர் மனைவி தாழ்வாரத்துக்கு வந்தாள். முந்தின நாளே சொல்லிவைத்திருக்கிறார் என்பது அவள் வந்த வேகத்திலேயே தெரிந்தது. கையில் ஒரு தட்டு நிறைய ஓட்டப்பம். தட்டை வண்டியில் வைத்துவிட்டு, இரண்டு தலைகளையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் தடவினாள். தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளுடைய பேரன், ஐந்து வயதிருக்கும், கதவைப் பிடித்துக்கொண்டு நின்று ஓட்டப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தெப்பக்குளத்துப் படியில் சாப்பிட்டோம். நடுமண்டபத்தைக் காட்டி, “அந்த வீட்டுல யாரு இருக்கா?” என்று பையன் பத்துத் தடவை கேட்டுவிட்டு, என் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போனான். தாளில் எழுதியிருந்த நேரத்துக்குச் சரியாகத் தூங்கினான். இனி ‘சும்மா இருத்தல்’.

பெண் சும்மா இருக்கவில்லை.

“மாமா.”

“ம்?”

“எங்க கூட ஓதுனாள்ல, தையக்காரர் மக… அவ அத்தா மௌத்தாப் போனாங்க. லெப்பை எங்க எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு அவ தலையத் தடவச் சொன்னாரு. நானும் தடவுனேன். ஒரே எண்ணெப் பிசுக்கு.”

நான் தண்ணீரைப் பார்த்தேன்.

“இன்னைக்கு எல்லாரும் ஏன் எங்க தலையத் தடவுறாங்க?”

“பிரியம்தான். சின்னப் புள்ளைகளப் பாத்தா பிரியம் வராதா?”

“அங்க ஒரு பய நின்னானே. அவனும் சின்னப் புள்ளதான். அவன் தலைய அந்தம்மா தடவல.”

“அவன் அவுக வீட்டுப் பய. தினமும் தடவுவாங்க.”

படியில் கிடந்த ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரில் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள், போடாமல் வைத்துக்கொண்டாள். பொய்யை இன்னும் கொஞ்சம் கெட்டியாகச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ரங்கூன் என்று ஒரு வார்த்தை கேட்பாள், கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. காலையில் மட்டும் அந்த ஊர்ப் பெயரை நாலு தடவை சொல்லியிருந்தாள்.

“வீட்டுக்குப் போயிருவமா?” என்று நான்தான் கேட்டேன்.

“தம்பிக்கு யானை காட்டுறேன்னு சொன்னீங்கள்ல” என்றாள். “காட்டிட்டுப் போவோம்.”

சித்திரை வீதியில் யானை வர நேரமாயிற்று. பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தேன். பெண் ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்பிக்கே கொடுத்தாள். யானை வந்தது. ஆட்கள் காசு நீட்ட, அது வாங்கிப் பாகனிடம் கொடுத்துவிட்டுத் தும்பிக்கையைத் தலையில் வைத்தது. பையன் என்னை இழுத்தான். என் தாளில் ‘யானை பார்த்தல்’ என்றுதான் எழுதியிருந்தேன். தும்பிக்கை எழுதவில்லை. வேண்டாமென்று சொல்வதற்குள் பாகன் அவனைத் தூக்கிப் பிடித்துவிட்டார். ஈரத் தும்பிக்கை அவன் தொப்பிமேல் இறங்கியது.

“யானையும் தடவிருச்சு!” என்று வீதியே திரும்பிப் பார்க்கக் கத்தினான். “அக்கா, யானையும் என் தலையத் தடவிருச்சு! நீயும் வா!”

அவள் வரவில்லை. வண்டிச் சக்கரத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். சத்தமே இல்லை, தோள் மட்டும் ஆடியது. நான் கிட்டே போனபோது கையை உதறி, “தூசி” என்றாள்.

திரும்பும்போது பாய் இன்னும் மெதுவாக ஓட்டினார். குதிரை நடந்தது என்றே சொல்ல வேண்டும். சந்து முனையில் இறங்கியபோது மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்ல இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. தாளில் எழுதிய ஒரு நேரம்கூடத் தவறவில்லை.

பாங்கு சொல்லி, அக்கா தொழுது முடிக்கும்வரை பிள்ளைகளைத் திரைக்கு வெளியே வைத்திருந்தேன். முகத்தைக் கழுவி, தலையைச் சீவியிருந்தாள். சொல்ல வேண்டியதைப் பகல் முழுக்க மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருப்பாள் போல. குரல் நடுங்காமல் இருந்தது. “வாங்க, வாங்க, அம்மா ஒண்ணு சொல்லணும்” என்று இருவரையும் திரைக்குள் இழுத்துக்கொண்டாள். நான் வெளியே சுவரோரம் உட்கார்ந்தேன். திரை ஒரு பக்கம் சரியாக மூடவில்லை.

பையன் கொட்டித் தீர்த்தான். குதிரை, தூண், புறா, தண்ணீருக்குள் வீடு. கடைசியில், “எல்லாரும் என் தலையத் தடவுனாங்கம்மா. வண்டிக்காரத் தாத்தா, சர்பத்துத் தாத்தா, ஒரு அம்மா. யானையும்.”

அக்கா திரையின் இடைவெளி வழியாக என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பெண்ணின் குரல்தான் கேட்டது. “என்னமோ சொல்லணும்னியேம்மா. சொல்லு.”

அக்கா சொன்னாள். தான் நினைத்துவைத்தபடியே, ஒரு வார்த்தை விடாமல் சொல்லியிருக்க வேண்டும். அத்தாவுக்கும் வாந்திபேதி வந்தது, அல்லா கூப்பிட்டுக்கொண்டான், வலியில்லாமல் போனார், உங்கள் இருவர் பெயரையும் சொன்னார். வலியில்லாமல் என்பது மட்டும் உண்மையில்லை. பெண் முதன்முதலாகக் கேட்கிற பிள்ளையைப் போல அசையாமல் உட்கார்ந்து கேட்டாள். இடையில் அவள் கை மட்டும் எழுந்தது. தம்பியின் தொப்பியைக் கழற்றிவிட்டு, நெற்றியிலிருந்து பிடரி வரை, மெல்ல, அந்தப் பாய் தடவியது போலவே தடவ ஆரம்பித்தாள். அம்மா சொல்லி முடிக்கும்வரை நிறுத்தவில்லை. பையன் பாதியிலேயே தூங்கிவிட்டான்.

இருவரும் படுத்தபின் அக்கா திரைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“யாருக்கிட்டடா சொன்ன?”

“வண்டிக்காரருகிட்ட.”

“எதுக்கு?”

“மெதுவா ஓட்டச் சொல்லி.”

போர்வையின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“மெதுவா ஓட்டுனாரா?”

“ஓட்டுனாருக்கா” என்றேன்.