சம்பந்தம் திருப்பி விட்ட மீன்கள்

ஹைதராபாத் மல்காஜ்கிரித் தமிழர்களில் சம்பந்தத்தை நேரில் பார்க்காதவர்கள் இருக்கலாம். அவர் மீன் பிடிக்கிற கதையைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பம். வெள்ளிக்கிழமையென்றால் வெங்காயம்கூட அடுப்படிக்குள் வராது. முட்டை சேர்த்த கேக்கைப் பிறந்த நாள் வீட்டில் நீட்டினால் இரண்டடி தள்ளி நின்று கும்பிடு போடுவார். அப்படிப்பட்ட மனிதர் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குக் கிளம்புகிறார் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

சிரித்தவர்கள் எல்லோருக்கும் அவர் ஒரே பதிலை வைத்திருந்தார். பிடிப்பது வேறு, கொல்வது வேறு. பிடித்த மீனை அவர் கொண்டுவருவதில்லை. கொக்கியைக் கழற்றி, தண்ணீரிலேயே விட்டுவிடுவார். நாற்பது வருஷமாக இதுதான் நடக்கிறது.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர் அவரில்லை, அவர் மனைவி. 1986இல் கல்யாணமாகி வந்த மங்கையர்க்கரசி, புருஷன் பையில் மண்புழு டப்பாவைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு நிபந்தனை போட்டாள். "ஒங்க கையால ஒரு உயிரு போகக் கூடாது. போச்சுன்னு தெரிஞ்சா அன்னைக்கே ஊருக்கு வண்டியேறிருவேன்." சம்பந்தம் பூஜை அறையில் கற்பூரத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். மண்புழுவை விட்டுவிட்டுக் கோதுமை மாவு உருண்டைக்கு மாறினார். கொக்கியின் முள்ளை அரத்தால் ராவித் தேய்த்தார். மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் வெளிக்குழாயில் குளித்து, திருநீறு பூசிக்கொண்டுதான் உள்ளே நுழைவார்.

போகப் போக மங்கையர்க்கரசிக்கே அதில் ஒரு பெருமை வந்துவிட்டது. ஊரிலிருந்து வருகிற உறவுக்காரர்களிடம், எங்க வீட்டுக்காரர் கையில் மாட்டிய மீனுக்கு ஆயுசு கெட்டி என்று சொல்லுவாள். அதைக் கேட்கும்போது சம்பந்தம் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். உள்ளே ஒரே பூரிப்பு. மனுஷன் என்றால் ஏதாவது ஒன்றில் பெருமைப்படத்தானே வேண்டும்.

பெருமைப்பட அவருக்கு இன்னொன்றும் இருந்தது, உத்தியோகம். பாதுகாப்புத் துறை நிறுவனம் ஒன்றில் முப்பத்தேழு வருஷம் சோனார் கருவிகளைச் சோதிக்கும் வேலை. தண்ணீருக்குள் ஒலியை அனுப்பினால் அது எதிலாவது மோதித் திரும்பும். திரும்புகிற எதிரொலியை வைத்து, அங்கே கிடப்பது பாறையா, இரும்பா, உயிருள்ளதா என்று சொல்ல வேண்டும். சம்பந்தம் சொன்னால் அதற்கு மறுபேச்சு கிடையாது என்று பிரிவில் பேர். ஒருமுறை மேலதிகாரி ஒருவர், சரியில்லாத கருவியைச் சரி என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். மாட்டேன் என்றதற்கு இரண்டு வருஷம் பதவி உயர்வு தள்ளிப்போனது. அதைப் பற்றி அவர் வருத்தப்பட்டதே இல்லை.

ஓய்வு பெற்றபின் அவர் உலகமே தூண்டில் சங்கம் என்றாகிவிட்டது. நகரத்துக்கு வடக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் நல்லகுண்ட செருவு. அந்த ஏரியில்தான் சங்கத்தின் படகுத் துறையும் கல் படியும். அறுபது பேர் உறுப்பினர். வருஷா வருஷம் மே மாதம், தண்ணீர் வற்றி மீன் எல்லாம் ஆழப் பள்ளத்தில் சேர்ந்திருக்கும் சமயம் பார்த்து, பெரிய போட்டி வைப்பார்கள். பிடிபட்ட மீனை வலைப்பையில் வைத்திருந்து, மத்தியானம் எடை போட்டு, படியிலிருந்து எல்லாவற்றையும் ஏரிக்கே விட்டுவிடுவார்கள். இந்தத் திருப்பி விடுகிற விதியைக் கொண்டுவந்தவரே சம்பந்தம்தான்.

போட்டி முடிந்த மூன்றாம் நாள் கோரைப் பக்கம் சில மீன்கள் செத்து மிதப்பதும் வருஷா வருஷம் உண்டு. மேட்டிலிருந்து வருகிற சாக்கடைதான் காரணம் என்று சங்கம் கொதிக்கும். கலெக்டர் ஆபீஸுக்கு மனு போகும். நல்ல இங்கிலீஷில் அந்த மனுவை எழுதுவதும் சம்பந்தம்தான்.

இந்த வருஷம் சங்கத்தில் சண்டை வந்தது. கிளப்பியவன் சுதர்சன். கோயம்புத்தூர்ப் பையன், ஐ.டி. கம்பெனியில் வேலை, எள் என்றால் எண்ணெயாக நிற்பவன். அமெரிக்காவிலிருந்து ஒரு லைவ் சோனார் வாங்கி வந்துவிட்டான். படகின் முனையில் ஒரு கம்பி, கம்பியின் நுனியில் தண்ணீருக்குள் ஒரு பெட்டி, மேலே ஒரு திரை. மீன் எங்கே நிற்கிறது, வாலை எப்படி அசைக்கிறது, இரையைப் பார்த்துக் கிட்டே வருகிறதா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா, எல்லாம் நடக்கிற நேரத்திலேயே தெரியும்.

பழைய ஆட்கள் குதித்தார்கள். எதிராளியின் சீட்டைப் பார்த்துவிட்டுச் சீட்டாடுவது ஆட்டமா என்றார்கள். இளவட்டங்கள் விடவில்லை. கார்பன் தூண்டில் வந்தபோது வாயை மூடிக்கொண்டிருந்தவர்களுக்கு இப்போது மட்டும் தர்மம் ஏன் பொத்துக்கொண்டு வருகிறது என்றார்கள். வெளிநாட்டிலும் இதே தகராறுதான், சில போட்டிகளில் தடைகூடப் போட்டிருக்கிறார்கள் என்று ஒருவர் போனைத் திறந்து காட்டினார். வாட்ஸப் குழுவிலிருந்து இரண்டு பேர் வெளியேறிவிட்டார்கள்.

தலைவர் விஸ்வநாத், மூன்று தலைமுறையாக ஹைதராபாத்திலேயே ஊறிப்போன தமிழர், பந்தைச் சம்பந்தத்திடம் உருட்டிவிட்டார். "சோனார்லயே பொறந்து வளந்தவன் நீ. ஒரு நாள் அதோட போய்ப் பாரு. நீ ஹவ்ன்னா ஹவ், நக்கோன்னா நக்கோ." அவர் சரி என்றால் சரி, வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

மே முதல் ஞாயிறு சம்பந்தம் சுதர்சனின் படகில் ஏறினார். முந்தின நாள்தான் பயிற்சிப் போட்டி நடத்தி, இருபத்தெட்டு மீன்களைப் படியிலிருந்து விட்டிருந்தார்கள். ஏழு மணிக்கே வெயில் முதுகில் ஏறியது. தண்ணீர் பச்சையாக, கனமாக, அசையாமல் கிடந்தது. கரையில் எப்போதும் நிற்கும் கொக்குகளைக்கூட அன்றைக்குக் காணவில்லை. சம்பந்தத்துக்கு அது நல்ல சகுனமாகப் படவில்லை. ஆனாலும் திரையில் வெளிச்சம் வந்ததும் எல்லாம் மறந்துபோனது. உத்தியோக காலமெல்லாம் கோடாகவும் எண்ணாகவும் பார்த்த எதிரொலி இங்கே மீனாகவே நீந்தியது. அறுபத்தேழு வயசுக்காரர் சின்னப் பிள்ளையாகிவிட்டார்.

ஒரு மணி நேரத்தில் அவர் தூண்டிலில் கட்லா ஒன்று மாட்டியது. எட்டுக் கிலோ இருக்கும். இருபது நிமிஷம் இழுபறி. கை நனைத்து, கொக்கி கழற்றி, தலையைத் தண்ணீருக்குள் நேராகப் பிடித்து, அது வாலை உதறியதும் விட்டார். எல்லாம் நாற்பது வருஷமாகச் செய்கிற மாதிரியே. அதே நேரம் சுதர்சனுக்கு ஆபீஸிலிருந்து போன் வந்தது. அவன் படகின் பின்பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தான்.

சம்பந்தம் திரையைப் பார்த்தார். விட்ட மீன் பின்னால் எங்கே போகும் என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்க வழியும் இருந்ததில்லை. மீன் கீழே இறங்கியது. ஆறடி, பத்தடி. பிறகு வால் அசைவது குறைந்தது. பதினான்கடியில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மறுபடி நிமிரப் பார்த்தது. முடியவில்லை. அப்படியே இறங்கித் தரையில் படிந்தது. சம்பந்தம் ஐந்து நிமிஷம் காத்திருந்தார். பத்து நிமிஷம் காத்திருந்தார். எழுந்திரு என்று வாய்விட்டே சொன்னார். அது எழுந்திருக்கவில்லை.

அவருக்கு ஒரு நினைப்பு வந்தது. வராமலே இருந்திருக்கலாம். கம்பியின் கைப்பிடியைப் பிடித்து, பெட்டியைக் கூப்பிடு தூரத்திலிருந்த படியின் பக்கம் திருப்பினார். படிக்கு நேர் கீழே, ஏரித் தரையில், முழ நீளம் முக்கால் முழ நீளமாக உருவங்கள் கிடந்தன. ஒன்றிலும் வால் அசையவில்லை. எண்ணினார். பத்தொன்பது வந்தபோது எண்ணுவதை நிறுத்திவிட்டார். சாக்கடை இல்லை, மேட்டுத் தண்ணீர் இல்லை. வெந்நீராய்க் காய்கிற மே மாதத்தில் இழுத்துக் களைக்க வைத்து, மேலே தூக்கி, மூச்சு முட்ட வைத்து, புண்ணியம் என்று பேர் சொல்லி விட்டவை அவை.

போன் பேசி முடித்த சுதர்சன் திரையை எட்டிப் பார்த்தான். "படிக்குக் கீழ வரிசையா என்னமோ கெடக்குதுங்களே சார், என்னங்க அது?"

"கல்லு தம்பி. படி கட்டும்போது உருட்டி விட்டிருப்பான்" என்றார் சம்பந்தம்.

அவன் சரிங்க சார் என்று தலையாட்டினான். அவர் சொல்லுக்கு மறுபேச்சு ஏது? வேலையிலிருந்த அத்தனை வருஷத்தில் ஒரு எதிரொலியைக்கூட மாற்றிச் சொல்லாத வாய் அது. அவ்வளவு சுலபமாக வந்ததே என்று சம்பந்தத்துக்கே பயமாக இருந்தது.

அன்றைக்கு வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மங்கையர்க்கரசி வெயில் என்று நினைத்து மோரைக் கரைத்துக் கொடுத்தாள். சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். ஊருக்கு வண்டியேறிவிடுவாள் என்ற பயம் இல்லை. அறுபத்திரண்டு வயசில் அவள் எங்கே போகப்போகிறாள்? நாற்பது வருஷம் என்னை என்ன சொல்ல வைத்தீர்கள் என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயம்தான்.

அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டம். சம்பந்தம் எழுந்து, இந்தக் கருவி நமக்கு வேண்டாம் என்றார். மீனுக்கு இருக்கிற ஒரே மறைவு தண்ணீர், அதையும் பறிப்பது தர்மம் இல்லை என்றார். அழகான பேச்சு. ஒவ்வொரு வார்த்தையும் நியாயம். மறைவு யாருக்கு வேண்டியிருந்தது என்பது அவருக்கு மட்டும் தெரியும். கிழவர்கள் கைதட்டினார்கள். இளைஞர்கள்கூட அடங்கிவிட்டார்கள். நீங்க சொன்னாச் சரிங்க சார் என்று சுதர்சன் பெட்டியை மூட்டை கட்டி வைத்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால் சாப்பிட உட்காருகிறவன் கண்டுபிடித்துவிடுவான். ஏரிக்குள் மறைத்ததை யார் கண்டுபிடிப்பது?

ஆனால் விஸ்வநாத் சும்மா இருக்கவில்லை. சந்தோஷத்தில், இந்த வருஷப் போட்டியில் எல்லா மீனையும் சம்பந்தம்தான் தன் கையால் ஏரியில் விட வேண்டும் என்று அறிவித்துவிட்டார். குடும்பத்தோடு வர வேண்டும் என்றும் சொன்னார். போட்டியைக் குளிர்காலத்துக்குத் தள்ளலாமே என்று சம்பந்தம் மெல்லச் சொல்லிப் பார்த்தார். பிள்ளைகளுக்கு லீவு அப்போது எங்கே என்று சிரித்துவிட்டார்கள். காரணம் கேட்டால் படிக்குக் கீழே கிடந்ததைச் சொல்ல வேண்டிவரும். காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்றுகூட யோசித்தார். மங்கையர்க்கரசி அதற்குள் பட்டுப்புடவையை எடுத்து வைத்துவிட்டாள்.

மே நான்காம் ஞாயிறு, மத்தியானம் ஒரு மணி. படியில் கூட்டம். கல் சுட்டது. எடை போட்ட மீன்கள் நீர்ப் பக்கத்து வலையில் நெருக்கியடித்துக் கிடந்தன. ஏரிக்கு அதுவரை வந்தே அறியாத மங்கையர்க்கரசி ஒரு பை நிறையப் பொரியோடு வந்திருந்தாள். சம்பந்தம் முதல் மீனை விட்டார். கைதட்டல். இரண்டாவது. கைதட்டல். அவர் தண்ணீரைப் பார்க்கவில்லை, தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவதை எடுக்கும்போது அவள் புடவையைச் செருகிக்கொண்டு படியிறங்கி வந்தாள்.

"எனக்கும் ஒண்ணு விடணும்போல இருக்கு. தெப்பக்குளத்துல பொரி போடுவோம்லா, அதுமாதிரி புண்ணியந்தான?"

விஸ்வநாத் மகிழ்ந்துபோய் ஒரு கட்லாவைத் தூக்கி அவள் கையில் வைத்தார். ஆயுளில் மீனைத் தொடாத கைகள். கூச்சத்தோடும் பக்தியோடும் ஏந்திக்கொண்டு அவள் குனிந்தாள். சம்பந்தம் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேண்டாம் மங்கை. நீ விடாத."

"ஏன்?"

"இதுல பாதிக்கு மேல கீழ போய்ச் செத்துரும். எந்தப் பாதின்னு எனக்குத் தெரியாது."

கைதட்ட ஓங்கியிருந்த கைகள் இறங்கின. அவளுக்கு முதலில் புரியவில்லை. சாக்கடைத் தண்ணீரைச் சொல்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். சாக்கடையில்லை என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது.

"எப்பப் பாத்திய?"

"மூணு வாரமாச்சு."

படியின் மேலிருந்து சுதர்சன், யாரையும் குற்றம் சொல்லாத குரலில், "கல்லுன்னு சொன்னீங்களே சார்" என்றான். மங்கையர்க்கரசி கையிலிருந்த மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. அதைத் தண்ணீரில் விடுவதா, கையிலேயே வைத்திருப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியவில்லை. வலையில் இன்னும் முப்பத்தொரு மீன்கள் இருந்தன.