இடது பக்கத்து வளையம்

அமெரிக்கப் பட்டாளத்து வண்டிகளில் ஆளைக் கொல்லுகிற வண்டி எதுவானாலும் எறணாகுளத்தில் கிட்டாகக் கிடைக்கும். டாங்கி கிடைக்கும், அதிலும் பல தினுசு. கூரையில் துப்பாக்கி வைத்த ஜீப், பீரங்கி இழுக்கும் வண்டி, கண்ணிவெடிக்கு அஞ்சாத கவச வண்டி எல்லாம் கிடைக்கும். என் தம்பி கேட்டது எண்ணெய் கொண்டுபோகும் வண்டி. அது மட்டும் எங்கேயும் இல்லை.

கிட் என்றால் என்னவென்று போன வருஷம்வரை எனக்கும் தெரியாது. பொம்மை என்று சொல்லிவிட்டால் அந்த உலகத்து ஆட்களுக்கு மூக்கு சிவந்துவிடும். ஒரு பெட்டிக்குள் பிளாஸ்டிக் சட்டங்கள் இருக்கும், அதில் சக்கரம், கதவு, கண்ணாடி எல்லாம் பிஞ்சு பிஞ்சாகத் தொங்கும். வெட்டி எடுத்து, ராவி, பசை தொட்டு ஒட்டவேண்டும். நிஜ வண்டியில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவு. எண்ணெய் வண்டியை ஒட்டி முடித்தால் பள்ளிக்கூட ஸ்கேல் நீளத்துக்கு வரும்.

தம்பிக்கு விளையாடுகிற வயசில்லை. குவைத்துக்கு லாரி ஓட்டப் போனவன். அங்கிருந்த கம்பெனி அவனை ஈராக்குக்குத் தள்ளிக்கொண்டு போனது. அமெரிக்கர்களின் முகாமிலிருந்து முகாமுக்கு, அவர்களுடைய எட்டுச் சக்கர வண்டியிலேயே எண்ணெய் கொண்டுபோகிற வேலை. வீட்டுக்கு அவன் சொன்னது "பார்டர் பக்கம்தான்க்கா, பயப்படாண்டாம்" என்று. திரும்பி வந்தபோது வலது காது கேட்கவில்லை, வலது கன்னத்திலும் தோளிலும் கருகின தழும்பு. அதுகூடப் பரவாயில்லை. முகாமில் டயர், பேட்டரி, மருந்துக் குப்பை எல்லாவற்றையும் பள்ளத்தில் போட்டு இரவும் பகலும் எரிப்பார்களாம். அந்தப் புகைப் பக்கம்தான் டிரைவர்களுக்குக் கூடாரம். வந்து பல வருஷம் வல்லார்பாடம் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டினான். பிறகு மட்டாஞ்சேரி வீட்டு மாடிப்படி ஏற நாலு இடத்தில் நின்றான். பிறகு ஏறுவதையே விட்டுவிட்டான். நுரையீரல் சிரட்டை மாதிரி இறுகிப்போச்சு, இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார் டாக்டர். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு நானும் அந்த வீட்டுக்கே வந்திருந்தேன். கீழறையில் அவனுக்குக் கட்டிலும் ஆக்சிஜன் மிஷினும் போட்டேன்.

ஈராக்கில் அவனோடு ஒருத்தன் இருந்தான். ஆலுவாக்காரன். அவன் அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து லாரியோடு வந்து ஆலுவாவில் தங்கிவிட்டவர், அதனால் வீட்டில் தமிழ். தம்பி அவனைக் 'கூட்டுக்காரன்', சிநேகிதன், என்று மட்டும்தான் சொல்லுவான். வழியில் குண்டு வெடித்து அவன் செத்தான், தம்பி பிழைத்தான். இரண்டு பேரும் ஒரே வண்டியில் இருந்தார்கள்.

கூட்டுக்காரனின் அம்மா ஒவ்வொரு கர்க்கடக வாவுக்கும், அதாவது நம் ஆடி அமாவாசைக்கு, ஆலுவா மணப்புறத்து ஆற்றங்கரையில் மகனுக்குப் பலிப் பிண்டம் போட்டுவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வருவாள். தலைமுடியில் ஆற்றுத் தண்ணீர் காய்ந்திருக்காது. கையில் ஒரு டப்பாவில் அவல் விளயிச்சது, வெல்லப்பாகில் கிளறிய அவல், மகனுக்குப் பிடித்தது. அதைத் தம்பிக்கு ஊட்டாத குறையாகத் தின்னவைத்துவிட்டு, வருஷாவருஷம் சொல்வதையே சொல்லுவாள்.

"என் மோன் கிளியாட்டுத் தொடங்கினவன். போகும்போது வளையம் பிடிச்சுட்டுப் போனான். கடைசி நேரத்தில வண்டியத் திருப்பினான் கேட்டியா. அவன் திருப்பினதாலதானே நீ ஜீவனோட இருக்க."

கிளி என்றால் எங்கள் ஊரில் லாரி கிளீனர், இடப்பக்கம் உட்கார்ந்து கதவைத் தட்டுகிறவன். வளையம் என்றால் ஸ்டியரிங். அவள் புருஷன் சாகும்வரை கிளியாகவே இருந்தவர். மகன் வளையம் பிடித்தது அவளுக்கு அவ்வளவு பெரிசு.

அவன் திருப்பினான் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. வந்த புதிதில் எந்தப் பக்கம் வெடித்தது என்று கேட்டாள். "வலப்பக்கம். அவன் இருந்த பக்கம்" என்றான் தம்பி. அவ்வளவுதான். வலப்பக்கம் இருந்தால் வளையம், இடப்பக்கம் இருந்தால் கிளி, இதில் கேட்க என்ன இருக்கிறது? மீதியை அவளே கட்டிக்கொண்டாள். நானும் அப்படியே நம்பினேன். தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தால் அவன் வாயைப் பொத்துவாள். "நீ ஒண்ணும் பறையாண்டாம் மோனே. எனக்கு அறியாம்."

போன மாசியில் ஒரு நாள் தம்பி, "அக்கா, அந்த வண்டியோட கிட் கிடைக்குமா பாரு. வாவுக்கு முன்னாடி வேணும்" என்றான்.

"எதுக்குடா?"

"ஆலுவா அம்மாக்குக் காட்டணும்."

போனிலேயே படத்தைக் காட்டலாமே என்றேன். காட்டினானாம். இத்துனூண்டு படத்தில் எனக்கென்ன தெரியும் என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். கையில் எடுத்துப் பார்க்கிற மாதிரி வேண்டும் என்றான். சாகப்போகிறவன் ஆசை, சரி என்றேன்.

இதில் சிரிப்பு என்னவென்றால் சரக்கு இறக்குவதுதான் என் பிழைப்பு. வல்லார்பாடத்தில் வந்திறங்கும் கண்டெய்னர்களைக் கஸ்டம்ஸிலிருந்து எடுத்துக்கொடுக்கும் ஆபீசில் தலை நரைத்தவள் நான். பச்சை முந்திரி முதல் மார்பிள் பாளம்வரை நான் கொண்டுவந்து சேர்க்காத சாமான் இல்லை. செருப்புப் பெட்டி அளவு ஒரு கிட்டுக்கு நாய் படாத பாடு பட்டேன்.

எம்.ஜி. ரோட்டுக் கடைக்காரர், "டாங்க் எடுக்கட்டே சேச்சி? நல்லாப் போகுது" என்றார். எண்ணெய் வண்டி கேட்டதும் சிரித்தார். அதை யார் வாங்குவார்கள் என்றார். பெங்களூரில் ஒரு கடை, சென்னையில் ஒன்று, இரண்டிலும் இல்லை. கிட் செய்கிற கம்பெனி அதைப் போடுவதையே நிறுத்திவிட்டதாம். எப்போதாவது மனசு வந்தால் மறுபடி போடுமாம். கடைசியில் வெளிநாட்டில் ஒருவரிடம் இருப்பதைக் கண்டுபிடித்துத் தபாலில் வரவழைத்தேன். அது விளையாட்டுச் சாமான் கணக்கில் விழுந்தது. விளையாட்டுச் சாமான் என்றால் இந்தியத் தர முத்திரை வேண்டும், இல்லையென்றால் உள்ளே விடமாட்டார்கள். இது குழந்தைகளுக்கானது இல்லை, பெரியவர்கள் வைத்துக்கொள்வது என்று வாதாடினேன். "பெரியவங்க விளையாடினாலும் விளையாட்டுத்தானே சேச்சி" என்றான் எதிரே இருந்த கஸ்டம்ஸ்காரன். சட்டப்படி அவன் சொன்னது சரிதான், அதனால் இன்னும் எரிச்சல் வந்தது. பெட்டி வந்த வழியே போய்விட்டது. இதே தம்பி ஒரு டாங்கி கேட்டிருந்தால் அன்றைக்கே ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்திருப்பேன்.

மே மாசத்தில் தேவராவில் ஒருவர் வைத்திருக்கிறார் என்று தெரிந்தது. கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். போய்ப் பார்த்தால் அலமாரி அலமாரியாகக் கிட், ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. ஒட்டுவதற்காக இல்லையாம், இருக்கிறது என்ற நிம்மதிக்காம். என் வண்டியும் இருந்தது. கொடுக்கமாட்டேன் என்றார். "என் காலத்துக்கு அப்புறம் வந்து பாருங்க" என்றார். எனக்கு வந்த கோபத்தில், "உங்க காலத்துக்கு அப்புறம்னா என் தம்பி இருக்கமாட்டான் சார்" என்று கத்திவிட்டேன். அவர் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். ஆட்டோவில் மூக்கில் குழாயோடு தம்பி உட்கார்ந்திருந்தான். நானும் வருகிறேன் என்று அடம்பிடித்து வந்தவன். அவர் ஸ்டூல் போட்டு ஏறிப் பெட்டியை எடுத்தார். "உள்ளே ஆள் பொம்மை கிடையாது. வண்டி மட்டும்தான்" என்றார். நல்லதாகப் போயிற்று என்றேன், ஏன் சொன்னேனோ.

மழை ஆரம்பித்த பிறகு ஒட்ட உட்கார்ந்தோம். பெயிண்ட் நெடி அவனுக்கு ஆகாது, அதனால் வண்டி மண்ணிறப் பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும் என்று முடிவு. அவன் கை நடுங்கும். படத்தைப் பார்த்து அவன் சொல்லச் சொல்ல நான் ஒட்டினேன். அச்சு, எட்டுச் சக்கரம், எண்ணெய்த் தொட்டி. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று மூச்சு கணக்குச் சொல்லிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வண்டியின் முன்பகுதிக்கு வந்தோம். சீட்டுகளை வைத்தேன். மோதிரத்தில் பாதிகூட இல்லாத ஒரு ஸ்டியரிங், அதை இடுக்கியில் பிடித்துப் பசை தொட்டு வலது பக்கம் வைத்தேன். நிற்கவில்லை. அழுத்தினேன். அங்கே அதற்கு ஓட்டையே இல்லை.

"அங்க இல்லக்கா" என்றான். "அமெரிக்கக்காரன் வண்டி. வளையம் இடப்பக்கம்."

இடுக்கி என் கையில் அப்படியே நின்றது. வெளிநாட்டில் இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுவார்கள் என்று தெரியாதவளா நான்? தெரியும். தெரிந்தும் இத்தனை வருஷம் அவர்கள் இரண்டு பேரையும் நான் உட்காரவைத்திருந்தது ஒரு மட்டாஞ்சேரி லாரியில்.

"அப்போ ஓட்டினது..."

"நான்தான்."

மிஷின் இரைந்துகொண்டிருந்தது. அவன் துண்டு துண்டாகத்தான் சொன்னான். "அன்னைக்கு அவனுக்கு டியூட்டியே இல்ல. எனக்கு உறக்கம் வந்துரும்னு கூட வந்தான், பேசிட்டு இருக்க. அவன்தான் உறங்கிட்டான்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "வழியோரத்தில ஒரு டயர் கிடந்தது, குண்டு அதுக்குள்ள. நான் கண்டேன். முன்னால போற வண்டியோட தடத்துலதான் போகணும், அதான் ஆர்டர். நான் திருப்பலக்கா."

எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. இதைப் போய் அந்தக் கிழவியிடம் காட்டி என்ன ஆகப்போகிறது? அவளுக்கு இருப்பது அது ஒன்றுதானே? கேட்டேன். "அவ எனக்கு அவல் ஊட்டறா" என்றான். "எனக்கு இறங்க மாட்டேங்குது. சொன்னாக் கேக்கமாட்டா, எனக்குச் சொல்ல மூச்சும் இல்ல. இது கையில இருந்தா அவளே கண்டுக்குவா." நான் மறுபடி பசை தொட்டேன். இடது பக்கத்து ஓட்டையில் ஸ்டியரிங் சொன்ன பேச்சுக் கேட்டு நின்றது. முன்கண்ணாடியை ஒட்டினேன்.

வாவு நாள் காலையிலேயே அவன் படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான், மடியில் வண்டி. அதற்கு முந்தின வாரம் அவன் பேச்சு ஒற்றை வார்த்தைகளாகக் குறுகியிருந்தது. ஆலுவா அம்மா நனைந்த தலையோடு வந்தாள், டப்பாவைத் திறக்கப் போனாள். அவன் இரண்டு கையாலும் வண்டியை அவளிடம் நீட்டினான்.

"இதா அந்த வண்டி?" என்று வாங்கிக்கொண்டாள். குழந்தையை எடுத்து வைத்துக்கொள்கிற மாதிரி மடியில் வைத்தாள், அதன் முகம் தன் முகத்தைப் பார்த்தபடி. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்கண்ணாடி வழியாக உள்ளே தேடினாள். வண்டியை நேருக்கு நேர் பார்க்கிறவளுக்கு இடம் வலமாகும். ஸ்டியரிங் அவளுடைய வலது கைப் பக்கம் இருந்தது.

"ஆ, இதா வளையம்" என்றாள். எள் ஒட்டிய விரலால் அந்தப் பக்கத்துக் கதவைத் தொட்டாள். "வலப்பக்கம். இவிடெ இருந்தான் என் மோன்."

தம்பி தலையை ஆட்டினான். இல்லை என்று ஆட்டினான். அவள் கவனிக்கவில்லை. அவன் என்னைப் பார்த்தான். நெஞ்சைத் தூக்கி மூச்சைச் சேர்த்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னான்.

"திருப்பு."

அவள் நிமிர்ந்தாள். முகமே மாறிவிட்டது. "கேட்டியா?" என்றாள் என்னிடம். "இத்தன வருஷம் நான் பறஞ்சேன். இப்ப இவன் வாயால வந்தாச்சு. திருப்பினான். என் மோன் திருப்பினான்."

"திரு..." என்றான் தம்பி மறுபடி. அவள் வண்டியோடு எழுந்துவந்து அவன் தலையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். "மதி மோனே, மதி. எனக்கு அது போதும்."

கை நீட்டி அந்த வண்டியை அரைவட்டம் சுற்றியிருந்தால் போதும். அவள் தோளுக்கு மேலாகத் தம்பியின் கண் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. யாருக்கு இரங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் அவலை எடுத்து ஊட்டினாள். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டான்.

போகும்போது வண்டியைக் கேட்டாள். தேவராக்காரர் கொடுத்த பெட்டியிலேயே வைத்துக் கொடுத்தேன்.

ஓணத்துக்கு முன்னாலேயே தம்பி போய்விட்டான். பலி போட ஆலுவா மணப்புறம் போனேன், திரும்பும் வழியில் அவள் வீட்டில் ஏறினேன். மகனின் படத்துக்குக் கீழே, முகம் வாசலைப் பார்த்து, வண்டி நின்றது. அவள் சாயா போட உள்ளே போனாள். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒரு பக்கத்துக் கதவில் மட்டும் சந்தனம் தொட்டு, ஒரு தெச்சிப் பூ வைத்திருந்தாள். என் தம்பி இருந்த பக்கம் அது.