தேசம்மாவைப் பார்க்க நெம்மேலிக்குப் போன செவ்வாய்க்கிழமை

கடல் ஊருக்குள் ஏறிவந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்கு அஸ்திவாரம்கூடப் போடவில்லை. அப்போது வந்த பஞ்சாயத்துத் தேர்தலில், நாற்று நடப் போய்க்கொண்டிருந்த தேசம்மா பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்குத் தலைவரானார். நான் மூன்றாம் வார்டு உறுப்பினர். அவரைப் பார்க்கத்தான் போன செவ்வாய்க்கிழமை இந்தப் பயணம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, மருமகள் கோமதி நெட்டில் தன் பயணப் பக்கத்தில் தட்டிப் போடுகிறாள்.

இப்போது நாங்கள் இருக்கும் செங்கல்பட்டில் காலை 7.10க்கு மாமல்லபுரம் பஸ். டிக்கெட் முப்பது ரூபாய், தூரம் முப்பது கிலோமீட்டர். முன்சீட்டில் உட்காராதீர்கள், வெயில் நேரே முகத்தில் அடிக்கும். பதினான்காவது கிலோமீட்டரில் திருக்கழுக்குன்றம். அங்கேயே இறங்கித் திரும்பிவிடலாமா என்று இருந்தது. 8.15க்கு மாமல்லபுரம். அங்கிருந்து சென்னை பஸ்ஸில் வடக்கே ஒன்பது கிலோமீட்டர், பதினைந்து ரூபாய்.

நெம்மேலியில் ஆட்டோக்காரர் கேட்டார், “எங்க நைனா?”

“தேசம்மா வூட்டுக்கு.”

“பிரெசிடெண்டம்மா வூடா? குந்து.”

“பதவி போயி எவ்ளோ வருசம் ஆவுது, இன்னும் பிரெசிடெண்டா?”

“அவங்களத் தூக்குனவன் பேரு எவனுக்கு ஞாபகம் கீது?” என்றார். நாற்பது ரூபாய் வாங்கினார்.

அந்த நாளில் மாதாமாதம் கூட்ட நோட்டீசு வரும். மற்ற உறுப்பினர்கள் படித்துக் கையெழுத்துப் போடுவார்கள். எனக்கு மட்டும் தேசம்மாவே நடந்துவந்து, வாசலில் நின்று, ஒவ்வொரு பொருளாகப் படித்துச் சொல்வார். உள்ளே வா என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை; அவர் காலனிக்காரர். ஒருமுறை காதில் விழுந்தால் எனக்கு மறக்காது.

ஒன்றரை வருஷத்தில் துணைத்தலைவர் கலெக்டருக்கு ஒரு மனு தயார் செய்தார். தலைவர் கூட்டமே கூட்டுவதில்லை, நீக்க வேண்டும் என்று. எனக்கும் முழுசாகப் படித்துக் காட்டினார். மறைமலைநகர் கம்பெனியில் என் மகனுக்கு வேலை என்றார். ரேகை வைத்தேன். ஊர் கேட்டபோது, “படிக்கத் தெரியாதவன், இன்னா எழுதியிருந்ததோ” என்றேன். தேசம்மா பதவி போயிற்று. பிறகு ஒன்றியக் கவுன்சிலராக இரண்டு முறை ஜெயித்தார். “பாவம், அண்ணாத்தைக்கு இன்னா தெரியும்” என்று என்னைப் பற்றி மேடையிலேயே சொன்னார்.

நான் போய்ச் சேர்ந்தபோது தேசம்மா முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“உள்ள வா அண்ணாத்த. செத்துப் பூட்டியோன்னு நெனச்சேன்.”

“இன்னும் இல்ல. தேசம்மா, அந்த மனுவ எனக்குப் படிச்சுக் காட்னாங்க. தெரிஞ்சுதான் வெச்சேன்.” நம்புவதற்காக முதல் வரியிலிருந்து வார்த்தை மாறாமல் ஒப்பித்தேன்.

தேய்த்த கை நின்றது.

“ஏழு பேர்ல ஆறு பேரு தெரிஞ்சு வெச்சான், ஒருத்தன் தெரியாம வெச்சான். அதச் சொல்லிக்கினுதான் மறுபடி எலெக்சன்ல நின்னேன். அதையும் எட்த்துக்கினு போவ வந்தியா?”

“டீ குட்ச்சிட்டுக் கெளம்பு. பன்னெண்டு மணிக்கு பஸ்ஸு கீது.”

குடித்தேன்.

போகிறவர்கள் தண்ணீர் எடுத்துப் போங்கள். மதியம் திரும்பும் பஸ்ஸில் இடம் கிடைக்காது. மனப்பாரத்தை இறக்கப் போகிறவர் என்றால், அது யார் தலையில் இறங்கும் என்று பஸ் ஏறுமுன்பே யோசியுங்கள். நான் யோசிக்கவில்லை. அந்த வேலைக்குப் போன மகனின் மனைவிதான் இதைத் தட்டுகிறாள். சற்று நேரம் தட்டும் சத்தம் நின்றுபோனது; இப்போது மறுபடி கேட்கிறது.

மனுவில் இருந்த ஏழு பேரில் ஆறு பேர் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவன் மூன்றாம் வார்டு பெருமாள். நான்தான்.