கார்போகரிசி எண்ணெய்

ஒரு பெண்ணின் முகத்தை நான் கெடுத்திருக்கிறேன். கோபத்திலோ பொறாமையிலோ அல்ல. ஆசையாக, என் கையாலேயே காய்ச்சி, வடிகட்டி, பாட்டிலில் ஊற்றி, "தேச்சுக்கோக்கா" என்று நீட்டிக் கெடுத்திருக்கிறேன். இதை இப்போது எழுதி என்ன ஆகப்போகிறது என்று கேட்டால், ஒன்றும் ஆகப்போவதில்லை. வாயால் சொல்ல வேண்டிய நேரத்தில் வாயைப் பொத்திக்கொண்டிருந்த கழுதை இப்போது எழுதுகிறது, அவ்வளவுதான்.

மும்பையில், மாட்டுங்கா லேபர் கேம்பில் எங்கள் வீட்டுச் சுவரும் அவள் வீட்டுச் சுவரும் ஒரே சுவர். அவள் இருமினால் எனக்குக் கேட்கும், நான் மிக்ஸி போட்டால் அவள் தட்டு ஆடும். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். மாட்டுங்காவில் ஒரு கோயில் வாசலை ஒட்டி நடைபாதையில் பூ விற்றுக்கொண்டிருந்தாள். புருஷன் போன பிறகு அந்த இரண்டடி இடம்தான் அவளுக்குச் சோறு போட்டது. கிழக்குப் பார்த்த இடம். காலையில் ஏழு மணிக்கு உட்கார்ந்தால் பதினொன்று வரைக்கும் வெயில் நேராக மூஞ்சியில்தான் அடிக்கும்.

நான் வீட்டிலேயே குளியல் பொடியும் தலைக்கு எண்ணெயும் செய்கிறவள். பச்சைப்பயறு, ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு, வெட்டிவேர், கஸ்தூரி மஞ்சள், கார்போகரிசி எல்லாம் காயவைத்து அரைப்பேன். செம்பருத்தியும் கரிசலாங்கண்ணியும் போட்டு எண்ணெய் காய்ச்சுவேன். செம்பூர் காலனிகளில் உத்தியோகஸ்தர் வீட்டுப் பெண்கள் வாட்ஸப்பில் சொல்லிவைத்து வாங்குவார்கள். 'நேச்சுரல்' என்று அவர்கள் சொல்லும்போது எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். கெமிக்கல் இல்லை, சைட் எஃபெக்ட் இல்லை என்று நானும் கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அரளிக்கொட்டையும் நேச்சுரல்தான் என்று எவராவது என் மண்டையில் ஒரு குட்டு குட்டியிருக்கலாம்.

அக்காவுக்கு இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் மங்கு கருந்திட்டாகப் படர்ந்திருந்தது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதே இல்லை. ஒருநாள் பூ வாங்க வந்த ஒருத்தி, "மூஞ்சியில என்ன, ஒட்டிக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். சாமிக்கும் தலைக்கும் போகிற பூ. விற்கிறவள் முகத்தில் நோய் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், அந்த இடம் போச்சு. அன்றைக்குச் சாயந்திரம் என் வாசலில் வந்து நின்றாள்.

"ஏட்டி, நீ என்னென்னமோ அரைக்கியே, இதுக்கு எதுவும் கேக்குமா பாரேன்."

அத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். பிரசவத்துக்கு என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவள். என் பிள்ளைகளுக்கு அவள் வீட்டில்தான் பாதிச் சாப்பாடு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அட, இது ஒரு காரியமாக்கா, ஒரு மாசத்துல பளபளன்னு ஆக்கிக் காட்டுதேன்" என்றேன்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் ஃபோனில் அந்த வீடியோ வந்தது. ஒரு சின்னப் பெண் ஹிந்தியில் பேசுகிறாள். பகுச்சி என்று ஒரு விதையாம், அதிலிருந்து எடுக்கிற சத்து முகத்தில் இருக்கிற கருமையை எல்லாம் நீக்குமாம், வெளிநாட்டில் அதைத் துளித்துளியாக விற்கிறார்களாம். விதையைக் காட்டினாள். பார்த்தால், நம்ம கார்போகரிசி! கறுப்பாக, தட்டையாக, ஒரு மாதிரி வாடையோடு என் டப்பாவில் கிடக்கிற அதே சரக்கு. எனக்குத் தலைகால் புரியவில்லை. நாம் குளியல் பொடியில் போட்டுத் தேய்த்துக் கழுவுகிறதை இவர்கள் இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று வீட்டுக்காரரிடம் ஒரு மணி நேரம் பீற்றிக்கொண்டேன். விதையிலிருந்து சுத்தப்படுத்தி ஒரு பொருளை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள், விதையை அப்படியே எண்ணெயில் போட்டு ஊறவைப்பது வேறு சமாசாரம் என்பதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? பொடியில் ஒரு கைப்பிடி, அதுவும் ஐந்து நிமிஷத்தில் தண்ணீரோடு போய்விடும். முகத்திலேயே நாள் முழுக்க நிற்கும் எண்ணெய் அப்படியா? அதை யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை.

கார்போகரிசியை ஒன்றிரண்டாக இடித்து, தேங்காய் எண்ணெயில் போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடேற்றி, மூன்று வாரம் ஊறவிட்டேன். வேட்டித் துணியில் வடிகட்டினால் செம்மண் நிறத்தில் ஒரு எண்ணெய் இறங்கியது. காட்டமான வாடை. முதலில் என் முகத்தில்தான் பூசிப் பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி பூசி, காலையில் பயத்தமாவு போட்டுக் கழுவி, பகல் பூராவும் வீட்டுக்குள் கிடக்கிறவளுக்கு என்ன ஆகும்? ஒன்றும் ஆகவில்லை. அடுத்து அவளுக்குக் கொடுத்தேன். செம்பூருக்கு அனுப்புவதற்கு முன்னால் அவள் முகத்தில் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பும் உள்ளே இருந்தது. இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த நினைப்புக்கே என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

பொங்கல் கழிந்த பனியில் ஒன்றும் தெரியவில்லை. மாசி வெயில் ஏறியதும் கன்னம் சிவந்தது.

"எரியுதுட்டி" என்றாள்.

"மருந்து வேலை செய்யுதுக்கா. உள்ள இருக்க அழுக்க வெளிய தள்ளுது. காலையிலயும் ஒரு தடவ போட்டுட்டுப் போ."

இதைச் சொன்னது நான்தான், இந்த வாய்தான். அவள் சொன்னபடி கேட்டாள். காலையில் குளித்து, எண்ணெயைப் பூசி, பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு போய் வெயிலுக்கு நேராக முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு வாரத்தில் கன்னம் கொப்பளித்தது. கொப்புளம் உடைந்து, பொருக்குத் தட்டி, பொருக்கு உதிர்ந்த இடமெல்லாம் அடுப்புக்கரி பூசினாற்போல் கறுத்துப் போனது. மங்கு இருந்த இடம், இல்லாத இடம் என்று வித்தியாசமே இல்லை. நெற்றி, மூக்கு, தாடை, எண்ணெய் வழிந்த கழுத்து வரைக்கும்.

ஜனங்கள் ஒதுங்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் நான் பூ வாங்கிக்கொண்டு நிற்கும்போதே பார்த்தேன். தினமும் அவளிடம் இரண்டு முழம் வாங்குகிற ஒரு மாமி, செருப்பை விட்டுவிட்டு நேராக எதிர்ப்பக்கம் இருக்கிற பூக்காரியிடம் போய் வாங்கிக்கொண்டு வந்தாள். அக்கா முந்தானையை இழுத்துக் கன்னத்தை மூடிக்கொண்டாள். நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"விடுட்டி, அவளுக்கு இன்னைக்கு அந்தப் பக்கம் ஜோலி" என்றாள்.

மறுநாள் நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். எண்ணெயில் சத்து போதவில்லை, இன்னும் கொஞ்சம் கூட்டிப் போடலாம் என்றுதான் போனேன். அப்படி ஒரு மூடத்தனம். அரைக் கிலோ கார்போகரிசி என்றதும் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"வீட்டுல யாருக்கும்மா வெண்புள்ளி?"

"யாருக்கும் இல்லியே அண்ணாச்சி. ஏன்?"

"இவ்வளவு மொத்தமா அதுக்குத்தான் வாங்குவாங்க. எண்ணெயில ஊறப்போட்டு வெள்ளப் புள்ளியில தடவி, வெயில்ல கொஞ்ச நேரம் காட்டுவாங்க. தோலு கறுத்துரும்லா. அதுவும் வைத்தியர் சொன்ன அளவுதான். கூடுச்சுன்னா பொத்துப் போயிரும். நல்ல தோல்ல பட்டுரக் கூடாது, பாத்துக்கிடுங்க."

அவர் பொட்டலம் மடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். கறுப்பாக்குகிற மருந்தை, கறுப்பைப் போக்குவதற்கென்று, வெயிலில் பிழைக்கிறவள் முகத்தில் பூசி அனுப்பியிருக்கிறேன். பொட்டலத்தை வாங்காமலே இறங்கி நடந்தேன். வழியெல்லாம் எனக்கு அழுகை. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அவள் காலைப் பிடித்துச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நடந்தேன். ஆனால் அவள் கதவுக்கு முன்னால் வந்தபோது என் கால் என் வீட்டுக்குள் திரும்பிவிட்டது. கேம்ப் பூராவும் பேசும், செம்பூருக்குத் தெரிந்தால் என் தந்தா, இந்தப் பொடி யாவாரம், முடிந்தது, பிள்ளைகள் ஃபீஸ் என்றெல்லாம் மனசு கணக்குப் போட்டது. எல்லாவற்றுக்கும் மேலே, அவள் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடுமே என்ற பயம்.

அந்த வாரமே அவளைக் கூட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏதாவது செய்தேன் என்று இருக்க வேண்டுமே. தோல் பிரிவில் ஒரு இளவயசு டாக்டரம்மா. அக்கா முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சேஹரே பே குச் லகாயா?" என்று கேட்டாள். முகத்தில் ஏதாவது பூசினீர்களா என்று அத்தனை தெளிவாக, இரண்டு தடவை கேட்டாள்.

அக்கா என்னைப் பார்க்கக்கூட இல்லை. "நஹி மேடம். சிர்ஃப் பானி" என்றாள். வெறும் தண்ணீர் மட்டும்தானாம்.

நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு ஹிந்தி தெரியும். எண்ணெய் தெரியும், விதை தெரியும், கடைக்காரர் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருந்தது. டாக்டர் என்னையும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் படித்தேன். அவள் ஒரு க்ரீம் எழுதிக்கொடுத்து, வெயிலில் போகாதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

வெளியே பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தோம். பஸ் வர நெடுநேரம் ஆனது. "வெயில்ல போகாதன்னுல்லா சொல்லுதா. பூவ ஃப்ரிட்ஜுக்குள்ள உக்காந்தா விக்க?" என்று அக்கா சிரித்தாள். சிரித்தால் தோல் இழுத்து வலிக்கிறது என்று உடனே நிறுத்திக்கொண்டாள். பிறகு, "ஒன் பேர எதுக்கு அங்க இழுக்கணும், அதான் சொல்லல" என்றாள். நான் அவளுக்கு ஒரு எலுமிச்சை சர்பத் வாங்கிக் கொடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

அதற்கப்புறம் நான் செய்ததுதான் கேடுகெட்டது. "அந்த எண்ணெ பழசாயிருச்சுக்கா, குடு, புதுசு தாரேன்" என்று பாட்டிலை வாங்கிக்கொண்டு வந்து சாக்கடையில் கொட்டினேன். அதே பாட்டிலைக் கழுவி, வெறும் தேங்காய் எண்ணெயை ஊற்றி, நிறத்துக்குக் கொஞ்சம் செம்பருத்தியும் வாசனைக்கு வெட்டிவேரும் போட்டு ஊறவைத்துக் கொடுத்தேன். பதினைந்து நாளைக்கு ஒரு பாட்டில். ஆபத்தும் போச்சு, மானமும் தப்பிச்சுது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அவள் ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து ஒரு தரம் மோந்து பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "சரிட்டி" என்று வாங்கி வைத்துக்கொண்டாள்.

மழை பிடித்தது. முகம் தேறவில்லை. வாடிக்கை ஒன்றொன்றாகக் கழன்றது. பக்கத்தில் உட்கார்கிறவர்களே, நீ இருந்தால் எங்களுக்கும் யாவாரம் படுக்கிறது என்று ஜாடையாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஆடி வெள்ளியன்று கூடை நிறையக் கொண்டுபோன பூவை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். அதோடு போவதை நிறுத்திவிட்டாள். இடத்தை வேறொருத்தி எடுத்துக்கொண்டாள். அக்கா இப்போது வீட்டுக்குள்ளே உட்கார்ந்து அந்தப் புதியவளுக்கே பூக்கட்டிக் கொடுக்கிறாள்.

முதல் நாள் அவள் அப்படி உட்கார்ந்து கட்டியதைப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்குத் தாங்கவில்லை. போய் அவள் முன்னால் உட்கார்ந்து அழுதேன். "எக்கா, எல்லாம் நான் குடுத்த எண்ணெயாலதான். எனக்கு ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தியே தெரியும். நான் பாவி" என்றேன்.

அவள் கட்டுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள். "காலம்பூரா பூவ மோந்து பாத்து வாங்குனவ நான். வாடை மாறுன அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு, ஒனக்கு வெவரம் தெரிஞ்சுதான் எண்ணெய மாத்திருக்கன்னு. அதுல ஒரு சொட்டு நான் தொடல."

"பின்ன ஏங்க்கா கேக்கல?"

"நீயா சொல்லுவன்னு பாத்தேன்." நாரை ஈரப்படுத்திக்கொண்டாள். "டாக்டர் முன்னால நீ சொல்லாதது எனக்குப் பெருசில்ல, நானே மறைச்சுட்டேன்லா. வெளிய வந்து பஸ்ஸுக்கு உக்காந்திருந்தமே, அப்ப நாம ரெண்டு பேருதான இருந்தோம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தேன். திட்டியிருந்தால், நாலு அறை அறைந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

மறுநாள் காலையில் குழாயடியில் அவள் குடம் எனக்கு முன்னால் இருந்தது. என்னைப் பார்த்ததும் குடத்தை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"நீங்க புடிங்க. நான் பொறவு புடிச்சுக்கிடுதேன்."

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் என்னை 'நீங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. இப்போது தினமும் அப்படித்தான் சொல்கிறாள்.