கொன்றைப்பூ மிதந்த தண்ணீர்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது தென்காசியில் எங்கள் தெருவுக்கே தெரியும். மன்னிப்புக் கேட்டு மட்டும் பழக்கமில்லை. அப்படிப்பட்ட என்னையும், மூன்று வருடமாக என்னோடு பேச்சுவார்த்தை இல்லாத, என் அண்ணன் மனைவியான மதினியையும் லாவோஸில் இருக்கும் லுவாங் பிரபாங் என்ற பழைய ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனாள் என் மகள். அவளுக்குப் பாங்காக்கில் வேலை. மதினியும் வருகிறாள் என்பது விமான நிலையத்தில்தான் எனக்குத் தெரியும். கழுதை, அப்படியே அப்பன் புத்தி.

பேச்சு நின்றது என் வாயால்தான். என் அண்ணனுக்குக் குற்றாலம் என்றால் உயிர். சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் விடியும்போதே என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஐந்தருவிக்குப் போய்விடுவான். தலையிலிருந்து நல்லெண்ணெய் வழியும். அவன் சீக்கிரம் குளித்துவிட்டு வந்து மிளகாய் பஜ்ஜி வாங்குவான். பெண்கள் பக்கத்திலிருந்து நான் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு வரும்வரை, ஆறிவிடாமல் காகிதத்தோடு கைக்குள் பொத்திக்கொண்டு நிற்பான். அந்தப் பஜ்ஜிக்கு ஈடாக நான் இன்றுவரை எதையும் தின்றதில்லை.

அவன் நெஞ்சுச் சளிக்கு ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்த பத்தாம் நாள் அருவியில் போய் நின்றான். காய்ச்சல் கண்டது. நாலே நாளில் போய்விட்டான். துட்டி வீட்டில் அத்தனை சனத்துக்கும் முன்னால், "எங்கண்ணனை அருவிக்கு அனுப்பிக் கொன்னுட்டியேடி பாவி" என்று மதினியைப் பார்த்துக் கத்தினேன். 'நீங்க' போய் 'டி' வந்துவிட்டது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

யாருக்கும் நான் சொல்லாதது ஒன்று உண்டு. அவன் அருவிக்குப் போனதற்கு முந்தைய நாள்தான், அப்போது நான் இருந்த சென்னையிலிருந்து அவனுக்குப் போன் போட்டு, "ஏண்ணே, சாரல் ஆரம்பிச்சாச்சாமே! எனக்கும் சேத்து ஒரு குளி குளிச்சிட்டு வா" என்று சொன்னேன். மூன்று வருடமாக அது தொண்டையிலேயே நின்றது. மதினியிடம் எப்படிச் சொல்ல?

சும்மா சொல்லக்கூடாது, ஊர் அழகான ஊர். கோயில் கூரைகள் தரையைத் தொடுகிற மாதிரி இறங்கி நிற்கின்றன. காலையில் துறவிகள் வரிசையாக வர, சனம் பாயில் மண்டியிட்டு ஆளுக்கொரு பிடி சோறு வைக்கிறது. நாங்களும் வைத்தோம். "சோறு பசை மாதிரில்லா ஒட்டுது" என்றாள் மதினி, என் மகளிடம். நானும் என் மகளிடம்தான், "ஆமா, ஒட்டத்தான் செய்யுது" என்றேன்.

மூன்றாம் நாள் அருவிக்குப் போனோம். நீலக் கலரில் குளம் குளமாகத் தண்ணீர். எல்லாரும் நீந்துகிறார்கள், ஒருத்தர்கூட அருவிக்கு அடியில் தலையைக் கொடுக்கவில்லை. இதெல்லாம் ஒரு குளியலா? பையிலிருந்து நல்லெண்ணெய்ப் பாட்டிலை எடுத்து உச்சியில் தேய்த்துக்கொண்டு இறங்கப் போனேன். காவலாளி விசிலை ஊதிக்கொண்டே ஓடிவந்தான். காதுவரை எண்ணெய் வழிய நான் திருதிருவென்று முழித்ததைப் பார்த்து, மதினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாள் ஆகிவிட்டது! எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் அவர்களுக்குப் புது வருடம். நமக்கும் சித்திரை விசு. அங்கேயும் விசுவுக்கு நம் கொன்றைப்பூதான். நாங்கள் தங்கியிருந்த விடுதிக்கார அம்மா தன் மாமியாரை நாற்காலியில் உட்காரவைத்தாள். பிள்ளைகள் ஒவ்வொருத்தராக வந்து, கொன்றைப்பூ மிதக்கும் தண்ணீரைக் கிழவியின் கையில் ஊற்றினார்கள். "வருஷம் பூரா செஞ்ச தப்புக்கு மன்னிப்புக் கேட்டு ஊத்துதாங்கம்மா" என்றாள் மகள். அடுத்து விடுதிக்கார அம்மா, எங்களில் மூத்தவள் என்று மதினியை உட்காரவைத்து, கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள்.

கிண்ணத்தைப் பிடித்தபடியே சொன்னேன். "மதினி, அன்னைக்கு அண்ணனை அருவிக்குப் போகச் சொன்னது நாந்தான்."

"தெரியும்" என்றாள். "நீ பேசும்போது நான் பக்கத்துலதான் இருந்தேன். போனு ஸ்பீக்கர்ல கெடந்துச்சு."

"தெரிஞ்சுமா வாயைத் தொறக்கலை?"

"தொறந்திருந்தா அத்தனை பேருக்கு முன்னாலயும் பழி ஒன் தலையில்லா விழுந்திருக்கும். ஒங்கண்ணன் அதைத் தாங்குவாவளா?" கைகளை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். "அழுதது போதும், ஊத்துட்டி."

ஊர் திரும்பி, அந்த வருடச் சாரலுக்கு நாங்கள் இருவரும் ஐந்தருவிக்குப் போனோம். மதினி குளிக்கவில்லை. தண்ணீரைப் பார்த்தாலே நெஞ்சை அடைக்கிறது என்றாள். "நீ போ, அவுகளுக்கும் சேத்துக் குளி" என்று என்னை அனுப்பிவிட்டாள். நான் நடுங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது, இரண்டு கையாலும் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள். பஜ்ஜி சூடாக இருந்தது.